தண்ணி சேரல: மதுரைக்கு வந்த ஒரு நியான் மீன் பார்சலின் கணக்கு

"தண்ணி சேரலண்ணே." வண்ணமீன் கடைகளில் புது லோடு செத்துப்போனால் முதலில் வரும் விளக்கம் இதுதான். மதுரை போர் தண்ணீரின் உப்பு ஊரறிந்த விஷயம் என்பதால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அந்த வாசகத்தைப் பிரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை. கீழே வருவது ஒரே கடையின் பேரேடு அல்ல. மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கம் கோடையில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரே பார்சலாகக் கோத்திருக்கிறோம். மீன் எண்ணிக்கையும் கடையில் அளந்த எண்களும் அந்த மாதிரிக்கானவை. அவற்றின் அடியில் ஓடும் வேதியியல் எந்தக் கடைக்கும் பொருந்தும்.

பார்சல்: 8 பை நியான் டெட்ரா, பைக்கு 150, ஆக 1,200 மீன். கூடவே 4 பை ஆண் கப்பி, பைக்கு 80. மீன் ஒவ்வொன்றும் 2 செ.மீ. சுமார். ஒவ்வொரு பையிலும் ஒன்றரை லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் மூன்று லிட்டர் ஆக்சிஜன். ஏப்ரல் மாதம், பிற்பகல் 3 மணிக்குச் சென்னை கொளத்தூரில் கட்டியது. இரவு 9 மணிக்கு ஆம்னி பேருந்தின் அடிவயிற்றில் ஏறி, காலை 6 மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கியது. கடையில் பெட்டியைப் பிரித்தபோது மணி 8. பைக்குள் மீன் இருந்தது மொத்தம் 17 மணி நேரம்.

அந்த நியான்களுக்கு அது ஒரே வாரத்தில் இரண்டாவது பைப் பயணம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கப்பி, மோலி, ஏஞ்சல் போன்றவை கொளத்தூரைச் சுற்றியே பெருமளவு குஞ்சு பொரிக்கின்றன. இந்த நியான்களோ தென்கிழக்கு ஆசியப் பண்ணையில் வளர்ந்து, விமானத்தில் சென்னை வந்து, மொத்த வியாபாரியின் தொட்டியில் மூன்று நாள் கிடந்தவை. உலக வியாபாரத்தின் சுருக்கமும் இதுதான். விற்பனையாகும் நன்னீர் வண்ணமீன்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பண்ணையில் பிறந்தவை. சிங்கப்பூர் தானும் வளர்க்கிறது, அக்கம்பக்கத்து நாடுகளின் மீனை வாங்கித் தரம் பிரித்து மறு ஏற்றுமதியும் செய்கிறது. நியானின் நெருங்கிய உறவான கார்டினல் டெட்ராவைப் பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றில், பார்சலோஸ் ஊரைச் சுற்றிய வெள்ளக்காடுகளில், இன்றும் கையால் பிடித்து மனாஸ் வழியாக அனுப்புகிறார்கள். எந்த வழியில் வந்தாலும் கடைசிக் கடைக்கு வரும்போது மீன் இரண்டு மூன்று பை மாறியிருக்கும். ஒவ்வொரு பையும் ஒரு சிறிய கழிவுத் தொட்டி.

கடையில் அன்று நடந்தது

கடைக்காரர் அலட்சியக்காரர் அல்ல. 5 நியான் பையைத் தானே எடுத்துக்கொண்டார். பைத் தண்ணீரோடு மீனைப் பக்கெட்டில் ஊற்றி, காற்றுக் குமிழ் விடும் ஏர் ஸ்டோன் போட்டு, தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டார். இரண்டரை மணி நேரம். 'தண்ணி பழக்குறது' என்பதற்கு இணையத்தில் காட்டப்படும் முறை அப்படியே. இன்னும் 2 பையை உதவிக்கு இருந்த பையன் பிரித்தான். கூட்டம் வந்துவிட்டதால் பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, வெட்டி, வலையில் வடித்து நேரே தொட்டியில் விட்டுவிட்டான். அதற்குத் திட்டும் வாங்கினான். எட்டாவது பை காலித் தெர்மாகோல் பெட்டிக்குப் பின்னால் மறந்து கிடந்தது. பகல் 12 மணிக்கு, அதாவது 21 மணி நேரம் கழித்துத்தான், கண்ணில் பட்டது. அதையும் பையனே வலையில் வடித்து விட்டான்.

மூன்றாம் நாள் இரவுவரை எண்ணியதில், பக்குவமாகச் சொட்டுவிட்ட 750 மீனில் 410 சாவு. பையன் நேரே விட்ட 300 மீனில் 24. மறந்துபோன 150 மீனில் 14. எல்லாம் ஒரே பண்ணை, ஒரே பேருந்து, அளவில் ஒன்றான தொட்டிகள், ஒரே தண்ணீர்.

தண்ணீர்தான் சேரவில்லை என்றால் மூன்று கூட்டமும் ஒரே மாதிரிச் செத்திருக்க வேண்டும். நோய் என்றாலும் அப்படித்தான்.

முதலில் தள்ள வேண்டிய சந்தேகங்கள்

"ஆக்சிஜன் கம்மியா அடிச்சிட்டான்" என்பது கடைக்காரரின் முதல் புகார். கணக்குப் போட்டால் அது நிற்காது. 150 நியான் சேர்ந்து சுமார் 22 கிராம். பதற்றத்தில் இருக்கும் சிறு மீன் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 400 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுக்கும் என்று வைத்துக்கொண்டாலும், 17 மணி நேரத்துக்கு 150 மில்லிகிராம் போதும். மூன்று லிட்டர் ஆக்சிஜன் வாயுவின் எடை ஏறக்குறைய 3,900 மில்லிகிராம். இருபத்தைந்தில் ஒரு பங்கு மட்டுமே செலவு. பை ஓட்டையாகிச் சப்பையாக வந்தால் ஒழிய, ஆக்சிஜன் பேக்கிங்கில் மீன் ஆக்சிஜனுக்காகச் சாவது அபூர்வம். உப்பிய பையைப் பார்த்துத் திருப்திப்படுவதும், இன்னும் கொஞ்சம் காற்று அடிக்கச் சொல்வதும் பயனில்லாத வேலை.

அடுத்தது 'நியான் நோய்'. ப்ளைஸ்டோபோரா என்ற ஒட்டுண்ணியால் வரும் அந்த நோய் தசைக்குள் மெதுவாகப் பரவும். நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும், முதுகு வளையும். மீன் வாரக்கணக்கில் இளைத்துத்தான் சாகும். பக்கெட்டில் நடந்ததுபோல ஒன்றரை மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான மீனை மேல்மட்டத்துக்கு வந்து வாய் பிளக்க வைக்காது. இரண்டாம் நாள் சில மீன்களின் வாயோரத்தில் வெள்ளைப் பஞ்சு போலத் தெரிந்தது உண்மை. அது பூஞ்சை அல்ல, காலம்நாரிஸ் பாக்டீரியா. செவுளும் தோலும் புண்பட்ட மீனில்தான் அது பெரும்பாலும் குடியேறும். அதாவது விளைவு, காரணம் அல்ல.

வெறும் உப்பு வேறுபாடு? பைத் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவு, 210. தொட்டியில் போர் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும் கலந்து வைத்திருந்தது 600. இது நல்லதல்ல. ஆனால் நேரே விட்ட மீன்தான் அந்தத் தாவலை ஒரே நொடியில் சந்தித்தது, பெரும்பாலும் பிழைத்தும் கொண்டது.

பைக்குள் நடப்பது

மறந்துபோன பைதான் துப்பு கொடுத்தது. அதைத் திறந்த ஒரு நிமிடத்துக்குள் அளந்ததில் பிஹெச் (அமில, காரத் தன்மையின் எண்) 6.4, மொத்த அம்மோனியா லிட்டருக்கு 9 மில்லிகிராம், வெப்பம் 30 டிகிரி. அம்மோனியா கிட்டின் வண்ண அட்டையில் 8 என்பதே பெரும்பாலும் கடைசிக் கட்டம், எனவே பாதிக்குப் பாதி நீர்த்து அளக்க வேண்டியிருந்தது. அந்த எண்ணைப் பார்த்தால் மீன் உயிரோடு இருக்கவே கூடாது. ஆனால் இருந்தது.

காரணம், அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேடத்தில் இருக்கிறது. ஒன்று அம்மோனியம் அயனி, செவுளைச் சுலபமாகத் தாண்டாது. மற்றது அம்மோனியா வாயு, தாராளமாகத் தாண்டும், அதுதான் விஷம். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஹெச்சும் வெப்பமும். 30 டிகிரியில் பிஹெச் 6.4 என்றால் விஷப் பங்கு 0.2 சதவீதம். 7.0-ல் 0.8. 7.5-ல் 2.5. 8.0-ல் 7.4. அதற்கு மேல் 8.1 போனால் 9 சதவீதத்தைத் தாண்டிவிடும். பிஹெச் ஓர் எண் ஏறினால் விஷம் ஏறக்குறையப் பத்து மடங்கு.

மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் தண்ணீரில் கரைகிறது. இந்தப் பையின் கணக்குக்கு லிட்டருக்கு 35 மில்லிகிராம் அளவுக்கு. பைத் தண்ணீரின் கேஹெச், அதாவது பிஹெச்சை இறங்கவிடாமல் தாங்கும் கார்பனேட் அளவு, குறைவு, சுமார் 50 மில்லிகிராம். இரண்டும் சேர்ந்து பிஹெச்சை 6.4-க்கு இறக்கிவிடுகின்றன. 9 மில்லிகிராம் அம்மோனியாவில் விஷப் பங்கு 0.02-ஐத் தொடவில்லை. மீன் தன் மூச்சினாலேயே தன் கழிவின் பல்லைப் பிடுங்கி வைத்திருக்கிறது. மூடியிருக்கும்வரை.

பையை வெட்டியதும் கரியமில வாயு வெளியேறத் தொடங்கும். ஏர் ஸ்டோன் போட்டால் அது நிமிடக்கணக்கில் முடிந்துவிடும். அதோடு கேஹெச் அதிகமுள்ள மதுரைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சேர்கிறது. அரை மணி நேரத்தில் பக்கெட்டின் பிஹெச் 7.9. அதுவரை சேர்ந்த புதுத் தண்ணீரால் மொத்த அம்மோனியா 9-லிருந்து 6-க்குக் குறைந்திருக்கிறது. ஆனால் விஷப் பங்கு 6 சதவீதமாகிவிட்டது. ஆறில் 6 சதவீதம் 0.36. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் இரட்டிப்பாகி மொத்தம் 4.5, பிஹெச் 8.1, விஷம் 0.41. பைக்குள் இருந்ததைப்போல இருபது மடங்குக்கும் மேல். அந்தக் குளியலில் இன்னும் ஒன்றரை மணி நேரம்.

0.05 மில்லிகிராம் விஷத்தையே மீன் நீண்ட நாள் தாங்காது. அப்படியிருக்க, 17 மணி நேரம் பேருந்தில் குலுங்கி வந்த இரண்டு செ.மீ. மீன் 0.4-ல் முழுதாகத் தப்பாது. செவுளிதழ் வீங்கி, சளி மூடிவிடும். அன்று மாலை 130 சாவு, மறுநாள் 150, மூன்றாம் நாள் 130. செவுள் கெட்ட மீன் நல்ல தண்ணீரில் விட்ட பிறகும் தவணையில்தான் சாகும். அதனால்தான் பழி பக்கெட்டின்மேல் விழாமல் தொட்டித் தண்ணீர்மேல் விழுகிறது.

கப்பி ஏன் தப்பியது? அதுவும் சொட்டு முறையில்தான் இறங்கியது. 320-ல் 9 மட்டுமே போயிற்று. பண்ணையிலேயே பட்டினி போட்டுக் கட்டிய மீன் அது, பையில் எண்ணிக்கையும் பாதி, அம்மோனியா 3-ஐத் தாண்டவில்லை. உப்புத் தண்ணீரைக் கப்பி விரும்பும் என்பதும் ஓரளவு உதவியிருக்கும். "கப்பிக்குச் சேர்ந்த தண்ணி நியானுக்குச் சேரல" என்ற முடிவுக்குக் கடைக்காரர் போனது இதனால்தான். பாதி உண்மை எப்போதும் இப்படித்தான் ஏமாற்றும்.

அதன் மேல் செய்த இரண்டு தப்பு

வடித்த பிறகு பக்கெட் தண்ணீரைக் கீழே கொட்டவில்லை. "மீன் பழகின தண்ணி" என்று தொட்டியிலேயே ஊற்றியாயிற்று. ஐந்து பையின் கழிவும் தொட்டிக்கு மாறிற்று.

மாலையில் சாவு தொடங்கியதும் மெத்திலீன் ப்ளூவும் ஒரு பொது மருந்தும் முழு அளவில் விழுந்தன. மெத்திலீன் ப்ளூ ஸ்பாஞ்ச் ஃபில்டரில் வாழும், அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவையும் கெடுக்கும். பொது மருந்துகளில் வழக்கமாக இருக்கும் மாலக்கைட் க்ரீன் டெட்ரா இனங்களுக்கு ஆகாது, தேவைப்பட்டால்கூடப் பாதி அளவுதான். இரண்டாம் நாள் தொட்டியிலேயே அம்மோனியா 2 காட்டியது. கடையில் தாராளமாகக் கிடைக்கும் ஆன்டி குளோரின் இதற்கு உதவாது. அதில் இருப்பது சோடியம் தையோசல்பேட், குளோரினை மட்டுமே முறிக்கும். அம்மோனியாவைக் கட்டும் கண்டிஷனர் வேறு, விலையும் வேறு. ஆன்டி குளோரினே இரண்டையும் செய்யும் என்ற நம்பிக்கை பல கடைகளில் இருக்கிறது.

அப்படியானால் எப்படி இறக்குவது

வேலையில் முக்கால் பங்கு பார்சல் வருவதற்கு முந்தைய நாள் முடிந்திருக்க வேண்டும். மீனைத் தொட்டிக்குப் பழக்குவதைவிடத் தொட்டியை மீனுக்குப் பழக்குவது சுலபம். அனுப்புகிறவரிடம் அவர் தொட்டியின் டிடிஎஸ், பிஹெச் இரண்டையும் போனில் கேட்டு வாங்குங்கள். சொல்லத் தெரியாதவரிடம் நியான் வாங்காமல் இருப்பது நல்லது. அவர் 210 சொன்னால் உங்கள் தொட்டி 300-க்குப் பக்கத்தில் நிற்கட்டும். டிடிஎஸ் 1,400 உள்ள போர் தண்ணீர் ஒரு பங்கு, 40 உள்ள ஆர்ஓ தண்ணீர் நான்கு பங்கு கலந்தால் 312 வரும். ஆர்ஓ மட்டும் ஊற்றாதீர்கள். கேஹெச் இல்லாத தண்ணீரில் பிஹெச் சில நாளில் சரிந்துவிடும், மீனும் உடலின் உப்பை இழக்கும். மாநகராட்சிக் குழாயில் வரும் வைகை, பெரியாற்றுத் தண்ணீர் போரைவிட மென்மையானது. குளோரின் மட்டும் எடுத்தால் போதும். அது கிடைக்கும் கடைக்கு ஆர்ஓ செலவு மிச்சம்.

ஒரு வார்த்தை: நியானுக்குக் காட்டாற்றுத் தண்ணீர் போலப் பிஹெச் 5 வேண்டும் என்று இலைச்சாறு காய்ச்சத் தேவையில்லை. நியானின் உறவான கார்டினல் வாழும் ரியோ நீக்ரோ தண்ணீர் அப்படிப்பட்டதுதான், ஏறக்குறைய உப்பே இல்லாதது. ஆனால் உங்கள் கைக்கு வரும் நியான் பல தலைமுறையாகப் பண்ணைக் குழாய்த் தண்ணீரில் பிறந்தது. அது வந்த பையின் எண்தான் கணக்கு, அதன் பாட்டன் பிறந்த ஆற்றின் எண் அல்ல. காட்டில் பிடித்த கார்டினல் என்றால் பேச்சு வேறு.

பை வந்ததும் கடை விளக்கை அணையுங்கள். மூடிய பையை அப்படியே தொட்டியில் மிதக்கவிடுங்கள், 15 முதல் 20 நிமிடம். வெப்பத்தைச் சமன்படுத்தத்தான் இது, எனவே தொட்டிமேல் விளக்கு எரிந்தால் பைக்குள் சூடு ஏறிப் பலன் கெடும். ஒரு பையை வெட்டி அதன் வேலையை முடித்த பிறகே அடுத்ததை வெட்டுங்கள். எல்லாவற்றையும் வரிசையாகத் திறந்து வைப்பது பெரிய தப்பு. பக்கெட்டின் மேல் மெல்லிய வலையை விரித்து ஊற்றி, மீனை உடனே தொட்டியில் விட வேண்டும். கத்தரி பட்டதிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள். பைத் தண்ணீர் சாக்கடைக்குத்தான், தொட்டிக்கும் இல்லை, பக்கத்துக் கண்மாய்க்கும் வாய்க்காலுக்கும் இல்லை. வெளிநாட்டுக் கிருமி அதில் இருக்கலாம்.

முதல் பையில் மட்டும், வெட்டிய உடனே ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து பிஹெச், டிடிஎஸ், அம்மோனியா மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிஹெச்சை முதலில். ஐந்து நிமிடம் போனால் அந்த எண் பொய். அம்மோனியாவைக் கட்டும் கண்டிஷனர் போட்ட தண்ணீரில் நெஸ்லர் வகைக் கிட் தப்பாகக் காட்டும், சாலிசிலேட் வகையே வேண்டும்.

அன்று தீனி கிடையாது. தொட்டியில் லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு போடலாம், அயோடின் சேர்க்காதது. மறுநாள் சிட்டிகைத் தீனி, கால் பங்கு தண்ணீர் மாற்று. 300-லிருந்து கடையின் வழக்கமான 600-க்கு நாளுக்கு 60, 70 என ஏற்றினால் ஐந்து நாள். கல்லுப்பும் மீட்டரில் ஏறும், அதைக் கழித்தே கணக்கிட வேண்டும்.

சொட்டு முறை தவறு என்று சொல்லவில்லை. இறாலுக்கு அது வேண்டும். பக்கத்துத் தெருக் கடையிலிருந்து அரை மணி நேரத்தில் கொண்டுவந்த மீனுக்கும் நல்லது, அந்தப் பையில் அம்மோனியா சேர நேரமில்லை. ஆறேழு மணி நேரம் தாண்டிய பைக்கு மட்டும் ஆகாது.

கட்டுகிற இடத்தில்

9 மில்லிகிராம் எப்படி வந்தது என்பதையும் விடக்கூடாது. பைகளின் அடியில் கழிவுத் துகள் கிடந்தது. காலையில் தீனி போட்டுப் பிற்பகலில் கட்டியிருக்கிறார்கள். நியான் அளவு மீனுக்கு 24 மணி நேரப் பட்டினி குறைந்தபட்சம், 48 நல்லது. நூறு மீன் போக வேண்டிய பையில் 150 போனது பெட்டி வாடகைக்காக. பெட்டிக்கு ஒரே கட்டணம் என்பதால் மீன் கூடினால் மீனுக்கு விழும் செலவு குறைகிறது. ஏற்றுமதிப் பண்ணைகள் இதே நெருக்கத்தில், இதைவிடவும் நெருக்கமாகக்கூடக் கட்டுகின்றன. ஆனால் பட்டினி போட்டு, தண்ணீரை 22, 23 டிகிரிக்குக் குளிர்த்தி, அம்மோனியாவை உறிஞ்சும் ஜியோலைட்டைப் பையில் இட்டுத்தான் கட்டுகின்றன. நம் ஊரில் நெருக்கத்தை மட்டும் கற்றுக்கொண்டோம். ஏப்ரல் பேருந்தின் அடிவயிற்றில், எஞ்சின் பக்கம் வைத்த பெட்டிக்கு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பனிக்கட்டி பாட்டிலாவது வேண்டும்.

பண விவகாரம் இங்கேதான் சிக்குகிறது. இந்த வியாபாரத்தில் நஷ்டஈடு என்பது வந்தபோதே செத்திருந்ததற்கு, டிஓஏ என்பார்கள், அதற்குத்தான். பையைத் திறக்காமல் எடுத்த படத்தை அன்றே அனுப்பினால் ஈடு கிடைக்கும். மூன்றாம் நாள் சாவு கடைக்காரர் தலையில். கட்டியவரின் தீனித் தப்பு பைக்குள் பிஹெச்சால் மறைந்து, மதுரைப் பக்கெட்டில் வெளிப்படுகிறது. டிஓஏ கணக்கில் அது வரவே வராது. அதனால் கட்டுகிறவருக்குத் திருந்தக் காரணமும் இல்லை. அளந்த மூன்று எண்களின் படத்தைப் பைக்குள் கிடக்கும் கழிவுத் துகளின் படத்தோடு சேர்த்து அனுப்பினால் பேச்சு கொஞ்சம் மாறும். பணம் திரும்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை, அடுத்த லோடு பட்டினியோடு வர வாய்ப்புண்டு.

அடுத்த ஆர்டரில் கடைக்காரர் கேட்டு வாங்கியவை: பைக்கு 100 மீன், முந்தைய நாள் காலையோடு தீனி நிறுத்தம், லிட்டருக்கு 15 கிராம் ஜியோலைட், ஒவ்வொரு பையிலும் மார்க்கரில் கட்டிய நேரம். மீனுக்கு விழும் வாடகை கூடியது. இறக்கும் வேலை இப்போது பையனுடையது.